ஓட்டாதீர்கள், வரவழையுங்கள்: ஓரிக்ஸ் மந்தையின் முதல் ஆண்டு

இந்த அத்தியாயத்தின் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மறிமானை ஓட்டக் கூடாது, வரவழைக்க வேண்டும். ஆடு மாடு மேய்த்துப் பழகியவர்களுக்கு இது சுலபத்தில் கைவராது. மாட்டைக் குச்சி காட்டி ஓட்டலாம், ஆட்டைச் சத்தம் போட்டு மடக்கலாம். ஆப்பிரிக்க மறிமானை விரட்டினால் அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடிக் களைத்த விலங்கின் தசைகள் உள்ளுக்குள் சிதையும், சிறுநீர் பழுப்பாகும், சிறுநீரகம் பழுதாகும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, சமயத்தில் இரண்டு வாரம் கழித்தோ அது செத்துப்போகும். இந்த நிலை வந்தபின் மருத்துவம் பலிப்பது அரிது. வராமல் தடுப்பதே வழி.

எங்கள் பண்ணையின் முதல் ஆண்டில் ஒரு பெட்டை பட்டிக்குள் வர மறுத்தது. பொறுமை இழந்து வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இருபது நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் காலை அது படுத்த இடத்திலிருந்து எழவில்லை. அந்த இருபது நிமிடத்தை நீங்கள் செலவழிக்காமல் இருக்கத்தான் இந்த அத்தியாயம்.

எந்த இடம், எந்த விலங்கு

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மலைநாட்டுக்கு, கெர்வில் ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறை நிலத்துக்குப் பொருந்தும். அங்கே நிலம் வாங்கியிருக்கும் அல்லது வாங்க எண்ணும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நம் ஊர் வெளிமான் 1932லேயே அந்தப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து இன்று காடு மேடெல்லாம் பரவியிருக்கிறது. அதே வெளிமான் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. இந்தியச் சட்டம் வேறு, டெக்சாஸ் சட்டம் வேறு. இங்கே படித்ததை ஊரில் முயலாதீர்கள்.

முதல் மந்தைக்கு நான் பரிந்துரைப்பது சிமிட்டர் ஓரிக்ஸ். வெள்ளை உடல், செம்பழுப்புக் கழுத்து, வாள்போலப் பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பு. கடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு உண்டு. புல்மேயும் விலங்கு என்பதால் தீவனக் கணக்கு எளிது. கூட்டமாக நடப்பதால் கண்காணிப்பதும் எளிது.

இந்த விலங்கை வளர்ப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. சகாராவின் ஓரத்தில் வாழ்ந்த இது, காட்டில் அழிந்துவிட்டதாக 2000த்தில் அறிவிக்கப்பட்டது. அடைப்பில் வளர்ந்த விலங்குகளின் சந்ததியை 2016 முதல் சாட் நாட்டில் மீண்டும் விட்டார்கள். அங்கே அவை பெருகியதால் 2023 இறுதியில் அதன் நிலை ‘அருகிவரும் இனம்’ என்று திருத்தப்பட்டது. டெக்சாஸ் பண்ணைகளில் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நீங்கள் வாங்கப்போகும் ஆறு விலங்குகளும் அந்தக் கையிருப்பில் ஒரு பங்கு.

படி 1: விலங்குக்கு முன் புல்லைக் கணக்கிடுங்கள்

1. உங்கள் வட்டாரத்தில் ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று அரசின் மண்வள அலுவலகத்தில் கேளுங்கள். மலைநாட்டின் இயற்கைப் புல்வெளியில் 20 முதல் 25 ஏக்கர் என்பது வழக்கமான கணக்கு.
2. வளர்ந்த ஓரிக்ஸ் மூன்றை ஒரு மாடாக எண்ணுங்கள். நூறு ஏக்கர் தாங்குவது நான்கைந்து மாடு, அதாவது 12 முதல் 15 ஓரிக்ஸ்.
3. அதில் பாதியோடு தொடங்குங்கள். நிலத்தில் ஏற்கெனவே வெள்ளைவால் மான்கள் மேய்கின்றன, மழை பொய்க்கும் ஆண்டும் வரும்.
4. புல்லில் பாதியை விலங்குக்கு விடுங்கள், மீதியை மண்ணுக்கு விடுங்கள். தரையை ஒட்ட மேய்ந்த இடத்தில் குடற்புழு ஏறும்.

*குறிப்பு:* ஜூனிபர் புதர் மண்டிய நிலம் வரைபடத்தில் நூறு ஏக்கராக இருந்தாலும் புல் கணக்கில் ஐம்பதுகூடத் தேறாது. காலால் நடந்து பார்த்து எண்ணுங்கள்.

படி 2: வேலி

இந்தத் தொழிலில் மிகப் பெரிய செலவு வேலிதான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

1. உயரம் 8 அடி. முடிச்சு நகராத பின்னல் கம்பி வாங்குங்கள். முள்கம்பி வேண்டாம்.
2. நெடுக்குக் கம்பிகளுக்கு நடுவே 6 அங்குல இடைவெளி போதும். 12 அங்குலம் மலிவு, ஆனால் இளங்கன்று அதில் நுழையும், கொம்பும் சிக்கும்.
3. கம்பியின் அடி தரையைத் தொட வேண்டும். மறிமான்களில் பல, வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழைந்து போவதையே விரும்பும்.
4. மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்துக் கட்டுங்கள். மிரண்ட கூட்டம் மூலையில் போய்க் குவியும், முன்னால் நிற்பது நசுங்கும்.
5. ஓடை குறுக்கிடும் இடத்தில் வேலியைத் தொங்கும் தட்டியாக அமையுங்கள். திடீர் வெள்ளத்தில் தட்டி விலகிக்கொடுக்கும், மற்ற வேலி நிற்கும். ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.
6. அடியில் பாறை என்பதால் கம்பம் நடத் துளையிடும் இயந்திரம் வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

படி 3: பட்டி

பட்டி என்பது விலங்கைப் பிடிக்கக் கட்டுவது என்று நினைத்துப் பலர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். விலங்கு வருவதற்கு முன்பே அது நின்றாக வேண்டும்.

1. தண்ணீர்த் தொட்டியும் தீவனமும் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டுங்கள். கால் ஏக்கர் போதும்.
2. சுவர் ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும்: பலகை, தகரம், அல்லது கம்பிமேல் இழுத்துக் கட்டிய அடர்த்தியான நிழல்வலை. அப்பால் வெளிச்சம் தெரியும் கம்பியை மிரண்ட மறிமான் மோதும். பார்வையை மறைக்கும் திரையைச் சுவராக எண்ணி விலகும். 1960களில் தென்னாப்பிரிக்காவில் யான் ஊலோஃப்ஸ என்பவர் பிளாஸ்டிக் திரைகொண்டு கூட்டங்கூட்டமாக விலங்குகளைப் பிடிக்கும் முறையை உருவாக்கியது இந்த இயல்பை வைத்துத்தான்.
3. வாசல் அகலமாக இருக்கட்டும். கதவைத் தொலைவிலிருந்து கயிறு இழுத்து மூடும்படி அமையுங்கள்.
4. பட்டியிலிருந்து டிரெய்லர் நிற்கும் இடத்துக்கு ஒரு நடைவழி. அது நேராக இல்லாமல் லேசாக வளையட்டும். வளைவுக்கு அப்பால் வழி இருக்கிறது என்று நம்பி விலங்கு நடக்கும்.
5. விலங்குகள் வந்த முதல் வாரங்களும் பிடிக்கும் நாளும் தவிர, ஆண்டு முழுவதும் கதவு திறந்தே இருக்கட்டும்.

படி 4: வாங்குதல்

1. ஒரு கடா, ஐந்து பெட்டை. சிறிய நிலத்தில் வளர்ந்த கடா இரண்டு வேண்டாம். ஒன்று மற்றதைக் குத்திக் கொன்றுவிடும்.
2. கடாவும் பெட்டைகளும் வெவ்வேறு பண்ணையிலிருந்து வரட்டும். மகள்கள் பருவமடையும் முன், ஏறக்குறைய இரண்டாம் ஆண்டுக்குள், கடாவை மாற்றிவிடுங்கள்.
3. வேறு ஓரிக்ஸ் இனங்களை, உதாரணமாக ஜெம்ஸ்பாக்கை, ஒரே வேலிக்குள் விடாதீர்கள். இரண்டும் இணைந்து கலப்புக் கன்று ஈனும். அந்தக் கன்றுக்குப் பாதுகாப்புக் கணக்கில் இடமில்லை, சட்டச் சலுகையும் கிடையாது.
4. புட்டிப்பால் குடித்து வளர்ந்த கடாவை வாங்கவே வாங்காதீர்கள். குட்டியில் செல்லமாக இருக்கும். மனிதரிடம் பயம் விட்டுப்போன அந்தக் கடா வளர்ந்தபின் உங்களையும் இன்னொரு கடாவாகத்தான் பார்க்கும்.
5. ரசீது, காதுவில்லை எண், பிறந்த ஆண்டு மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதுங்கள்.

*சட்டம், சுருக்கமாக:* சிமிட்டர் ஓரிக்ஸ், அடாக்ஸ், டாமா கெசல் ஆகிய மூன்று மறிமான்களும் 2005லிருந்து அமெரிக்க அருகிய இனப் பட்டியலில் உள்ளன. அந்நாட்டில் அடைப்பில் பிறந்தவற்றுக்கான விதிவிலக்கு 2012ல் நீக்கப்பட்டு 2014ல் திரும்ப வந்தது. பதிவேடு வைப்பது அந்த விதிவிலக்கின் நிபந்தனைகளில் ஒன்று. விதிகள் மாறக்கூடியவை என்பதற்கு இந்த வரலாறே சாட்சி. வாங்கும் முன் கூட்டாட்சி மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடமும், மாநிலம் தாண்டிக் கொண்டுபோகும் முன் இரு மாநில விலங்கு நல ஆணையங்களிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். நில வரிச் சலுகையைக் கணக்கில் வைத்து வாங்குவோர், வட்டார மதிப்பீட்டு அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். வேட்டைக்கு மட்டும் வளர்த்தால் விவசாய நில மதிப்பீடு கிடைக்காது.

படி 5: வந்து இறங்கும் நாள்

1. குளிர்காலத்தின் மிதமான நாளாகப் பாருங்கள். கோடை வெயிலில் ஏற்றி இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.
2. கொம்புகளில் ரப்பர் குழாயோ பிளாஸ்டிக் குழாயோ மாட்டியிருக்கிறார்களா என்று ஏற்றும் முன் கேளுங்கள். மாட்டாத கொம்பு டிரெய்லருக்குள் ஈட்டி.
3. டிரெய்லர் இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். வழியில் நிறுத்தி எட்டிப் பார்ப்பது விலங்குக்கு உதவியாகாது.
4. பகல் வெளிச்சத்தில் பட்டிக்குள் இறக்குங்கள். கதவைத் திறந்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். உள்ளே போய்த் தட்டாதீர்கள், கூவாதீர்கள். அரை மணி ஆனாலும் தானாக இறங்கும்.
5. உறவினரை அழைத்துக் காட்டும் நாள் இதுவல்ல. நாய் வீட்டில் கட்டியிருக்கட்டும்.
6. இரண்டு முதல் நான்கு வாரம் பட்டியிலேயே வையுங்கள். இங்கேதான் தண்ணீர், இங்கேதான் தீவனம் என்று அவை அறிந்துகொள்ளும் காலம் இது.
7. திறந்துவிடும் முன், வெளி வேலியில் கண்ணில் படும்படி நூறு அடிக்கு ஒரு துணிப்பட்டை கட்டுங்கள். காலையில் திறங்கள். மாலையில் திறந்தால் இருட்டில் வேலியில் போய் மோதும்.

படி 6: தினசரி வேலை

1. தினமும் ஒரே நேரம், ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே ஒலி. நாங்கள் தீவன வாளியை மூன்று முறை தட்டுவோம். மூன்றாம் வாரத்தில் முதல் தட்டுக்கே காதுகள் திரும்பின.
2. தீவனம் எப்போதும் பட்டிக்குள்தான். புல் செழித்த மாதத்திலும் ஒரு கைப்பிடி வையுங்கள். இந்தப் பழக்கம் அறுந்தால் மீண்டும் தொடங்க மாதக்கணக்கில் ஆகும்.
3. விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் குவியல் போடுங்கள். மூத்த பெட்டை ஒவ்வொன்றாக விரட்டிக்கொண்டே போகும். கடைசியில் நிற்கும் எளியதற்கும் ஒரு குவியல் மிஞ்ச வேண்டும்.
4. எண்ணுங்கள். தினமும் எண்ணுங்கள். ஒன்று தனித்து நின்றால் அன்று அதுதான் உங்கள் வேலை.
5. கலப்புத் தீவன மூட்டையின் சீட்டைப் படியுங்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் குதிரையைக் கொல்லக்கூடியது. எந்தச் சேர்மானம் உங்கள் விலங்குக்கு ஆகும் என்று மருத்துவரிடம் கேட்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

படி 7: கன்று

சினைக்காலம் ஏறக்குறைய எட்டரை மாதம். ஒரே கன்று, 9 முதல் 15 கிலோ எடை. ஈனும் முன் பெட்டை கூட்டத்தை விட்டு ஒதுங்கும். ஈன்றபின் கன்றைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு மேயப் போய்விடும். கன்று தலையைத் தரையோடு ஒட்டிவைத்துக் கல்போலக் கிடக்கும். காய்ந்த புல்லின் நிறமும் அதன் நிறமும் ஒன்றே. மூன்றடி தொலைவில் நீங்கள் நின்றாலும் அசையாது, கண் மட்டும் உங்களைப் பார்க்கும்.

தாய் விட்டுவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கி வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தாய் பார்வை எட்டும் தொலைவில்தான் இருக்கும், பாலூட்ட மட்டும் வந்து போகும். நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டே: இடத்தைக் குறித்துக்கொண்டு விலகுங்கள், மாலையில் தொலைநோக்கியில் பாருங்கள். தாயின் மடி இறுகிப் பெருத்தே இருந்தால், அல்லது கன்று எழுந்து கத்திக்கொண்டு அலைந்தால், அப்போது மருத்துவரை அழையுங்கள்.

*எச்சரிக்கை:* கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நிற்காதீர்கள்.

படி 8: குளிர்

டெக்சாஸ் என்றால் வெயில் என்று நினைப்போம். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் நாட்கணக்கில் உறைகுளிர் நீடித்து அயல்நாட்டு மறிமான்கள் ஏராளமாகச் செத்தன. பாலைவன விலங்கு வறண்ட குளிரைத் தாங்கும். மழையில் நனைந்து, அதன்மேல் வடகாற்று வீசினால் தாங்காது.

1. வடக்கும் மேற்கும் மூடி, தெற்கே திறந்த கொட்டகை கட்டுங்கள். வாசலை ஒரு மூத்த விலங்கு மறித்துக்கொள்ளாதபடி திறப்பு அகலமாக இருக்கட்டும்.
2. கோடையிலேயே அதற்குள் தீவனம் வைத்துப் பழக்குங்கள். புயலன்று கொட்டகைக்குள் தள்ள முடியாது.
3. இரண்டு வாரத்துக்கான உலர்புல்லை நவம்பருக்குள் சேர்த்துவையுங்கள். வயிறு நிறையப் புல் இருந்தால் உடல் சூடாக இருக்கும்.
4. தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைக் காலை மாலை உடையுங்கள்.

படி 9: நோய்

இங்கே நான்கை மட்டும் சொல்கிறேன்.

*குடற்புழு:* இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுதான் முதல் எதிரி. மெலிவு, மங்கிய மயிர், தாடைக்கடியில் நீர்கோத்த வீக்கம் ஆகியவை அடையாளம். விலங்கைப் பிடிக்க வேண்டியதில்லை. காலையில் பட்டியில் கிடக்கும் புதுப் புழுக்கையை எடுத்து மருத்துவரிடம் கொடுத்து முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். கண்மூடித்தனமாக மருந்து கொடுத்தால் மருந்துக்கு மடியாத புழுக்களே மிஞ்சும்.

*கொடிய சளிக்காய்ச்சல்:* செம்மறியாடும் வில்டபீஸ்ட் என்னும் மறிமானும் தங்களுக்கு எதுவும் இல்லாமலே சுமக்கும் வைரஸ்கள், மற்ற மறிமான்களைக் கொல்லக்கூடும். அந்த இரண்டையும் ஓரிக்ஸோடு ஒரே வேலிக்குள்ளும் பக்கத்து வேலியிலும் வைக்காதீர்கள்.

*அடைப்பான்:* உவால்டி, ஓசோனா, ஈகிள் பாஸ் ஊர்களை இணைக்கும் முக்கோணத்தில் மண்ணிலேயே இருக்கிறது. காரணம் தெரியாமல் திடீரென்று செத்த விலங்கை, அதிலும் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கண்டால், தொடாதீர்கள், அறுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். கொம்பை எடுத்துவைக்கும் ஆசையும் வேண்டாம். மருத்துவரையும் மாநில விலங்கு நல ஆணையத்தையும் உடனே அழையுங்கள்.

*திருகுப்புழு:* 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸில் ஒழிந்த இந்த ஈ, 2024 நவம்பரில் தெற்கு மெக்சிகோவில் மீண்டும் தென்பட்டது. அதன் புழு உயிருள்ள சதையைத் தின்னும். வெப்ப மாதங்களில் கன்றின் தொப்புளையும் கொம்புக் காயங்களையும் தொலைநோக்கியில் பாருங்கள். புண்ணில் புழு கண்டால் அன்றே தெரிவியுங்கள்.

படி 10: பிடிக்க நேர்ந்தால்

1. காலைக் குளிரில் மட்டும். வெயில் ஏறிவிட்டால் நாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.
2. வழக்கமான நேரம், வழக்கமான வாளிச் சத்தம். எல்லாம் உள்ளே வந்து தின்னத் தொடங்கியபின் கயிற்றை இழுங்கள்.
3. கதவு மூடியதும் ஒரு மணி நேரம் அமைதி.
4. வராத ஒன்றுக்காக மற்றவற்றைக் கலைக்காதீர்கள். அது நாளை வரும்.
5. மயக்க ஊசி மருத்துவரின் வேலை. காட்டு விலங்குகளுக்குப் பயன்படும் மயக்க மருந்துகளில் சில, மிகச் சிறு அளவு உடலில் ஏறினாலே மனிதரைக் கொல்லக்கூடியவை. மாற்று மருந்து கையில் இல்லாத ஆளை வேலிக்குள் விடாதீர்கள்.
6. வாய் திறந்து மூச்சிரைக்கும் விலங்கைக் கண்டால் எல்லா வேலையையும் நிறுத்துங்கள்.

வீட்டாரின் பாதுகாப்பு

* ஓரிக்ஸ் மோவாயை முன்னங்கால்களுக்கிடையே தாழ்த்தினால் கொம்பு முனைகள் உங்களை நோக்கி வருகின்றன. பணிகிறது என்று எண்ணாமல் முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள்.
* பட்டிக்குள் தனியாகப் போகாதீர்கள். வண்டியின் கதவு எப்போதும் உங்களுக்கும் விலங்குக்கும் நடுவே இருக்கட்டும்.
* பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேலிக்கு வெளியேதான் வேலை: எண்ணுவது, ஏட்டில் எழுதுவது. கூர்ந்து பார்க்கும் பிள்ளைதான் நாளை நல்ல பண்ணையாளர்.

ஆண்டு முடிவில் ஒரு தேர்வு

பன்னிரண்டாம் மாதம் ஒரு குளிர்காலைப் பொழுதில் வாளியை மூன்று முறை தட்டுங்கள். மந்தை பட்டிக்குள் வந்து தின்னத் தொடங்கியதும் கயிற்றை இழுத்துக் கதவை மூடுங்கள். பிடிக்க வேண்டாம், ஊசி வேண்டாம். பத்து நிமிடம் திரைக்கு வெளியே நின்று கேளுங்கள்.

சுவரில் மோதும் சத்தமோ குளம்போசையோ கேட்டால், எந்தப் படியில் அவசரப்பட்டீர்கள் என்று ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். இன்னொரு ஆண்டு பழக்குங்கள், இரண்டாவது மந்தை வாங்காதீர்கள். உலர்புல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள். கயிற்றைத் தளர்த்திக் கதவைத் திறந்துவிடுங்கள். அவை தின்று முடித்துத் தாமாகவே வெளியே நடக்கும்.